அந்த சென்சார் கலவையைப் பார்ப்பதில்லை

"கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் (புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) இருக்கும் வெப்ப சென்சார்தான் பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரிசெய்கிறது, வயரைக் கழற்றினால் மைலேஜ் கூடும்" என்கிறார் நண்பர். இரண்டுமே தவறு. கலவையைப் பார்ப்பது ஆக்சிஜன் சென்சார், அது வேறு சாமான்.

பழைய ஜப்பான் பெட்ரோல் கார்களில் கன்வெர்ட்டரில் குச்சி மாதிரி செருகியிருக்கும் அந்த வெப்ப சென்சாருக்கு வேலை ஒன்றுதான்: சூடு எல்லை மீறினால் டாஷ்போர்டில் விளக்கை எரிய வைப்பது. (இலங்கைக்கு வந்த ரீகண்டிஷன் கார்களில் ஜப்பானிய எழுத்தோடு அந்த விளக்கைச் சிலர் பார்த்திருப்பீர்கள்.)

சூடு ஏன் மீறும்? இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஒரு பிளக் சரியாகப் பொறி விடவில்லை என்று வையுங்கள். எரியாத பெட்ரோல் காற்றோடு கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். வழக்கமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸில் இருக்கிற இடம் 1000-ஐத் தாண்டலாம். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். காய்ந்த புல் மேல் நிறுத்தினால் தீயே பிடிக்கலாம். விளக்கு எரிந்தால் வயரைப் பிடுங்காதீர்கள், முதலில் பிளக்கையும், அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள்.

அப்புறம், புதிய டீசல் வண்டிகளில் கதை வேறு. அங்கே வெப்ப சென்சார் சொல்வதை வைத்துத்தான் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கி, சேர்ந்த கரியை எரிக்கிறது கம்ப்யூட்டர். அதைக் கழற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.