மந்திரமும் கைப்பழக்கம்

"இந்த வயசுலயும் மாயாஜாலக் கதை படிக்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். படிக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளை மந்திரம் கற்றுக்கொள்ளும் நாவல் என்றால் இன்றைக்கும் வேறு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஐம்பது பக்கத்துக்குள் ஒன்றைத்தான் பார்ப்பேன்: இந்தப் பிள்ளை மந்திரம் கற்கிறதா, அல்லது அதற்கு மந்திரம் சும்மா வந்துவிடுகிறதா?

சும்மா வந்துவிடும் கதைகள்தான் அதிகம். பிறக்கும் முன்பே ஒரு தீர்க்கதரிசனம், உடம்பில் எங்காவது ஒரு மச்சம். எதிரி எதிரே வந்ததும் கோபம் தலைக்கேறி உள்ளங்கையிலிருந்து நெருப்பு பீறிடும். மந்திரப் பள்ளி என்று ஒன்று இருக்கும்; அங்கே காதல் நடக்கும், சண்டை நடக்கும், பாடம் மட்டும் நடக்காது.

உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே அதில் பாடம் நடப்பதுதான். ஏழு வயதுப் பையன், கூரையை விட்டு இறங்காத ஆட்டைப் பார்த்துப் பெரியம்மா ஏதோ சொல்வதைக் கேட்கிறான். மறுநாள் மேய்ச்சலில் அதையே கத்திப் பார்க்கிறான். ஆடுகள் வருகின்றன. எல்லா ஆடுகளும். சத்தமே இல்லாமல் வந்து அவனை நெருக்கி நிற்கின்றன. பயந்து ஓடினால் கூடவே ஓடி வருகின்றன. வரவழைக்கத் தெரிந்தவனுக்கு விடுவிக்கத் தெரியவில்லை! பெரியம்மா வந்துதான் அவிழ்த்துவிட வேண்டியிருக்கிறது. கற்றுக்கொள்வது என்றால் என்ன என்பதை இரண்டே பக்கத்தில் இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

அப்புறம், அந்தப் பையன் போய்ச் சேரும் மந்திரப் பள்ளியின் கோபுரம். ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன்மேல் மந்திரம் செல்லும் என்பதால், மாணவர்கள் அங்கே உட்கார்ந்து பெயர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்கிறார்கள். நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டும், அதற்குமேல் தாளில் மை மறைந்துவிடும். தேர்வுக்கு முந்தின ராத்திரி புத்தகத்தோடு மல்லுக்கட்டிய யாருக்கும் இந்த இடம் உடனே புரியும்.

இத்தனை கற்றவனும் ஒரு நாள் கூடப்படிப்பவன் சீண்டினான் என்று செத்தவளின் ஆவியை அழைத்துக் காட்டப் போய், நிழல் ஒன்றை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அதைத் தடுக்கப்போய்ப் பள்ளியின் தலைவரே உயிர் விடுகிறார். இவன் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து மீண்டும் வகுப்புக்கு வரும்போது, கூடப்படித்தவர்கள் முன்னே போய்விட்டார்கள். சின்னப் பையன்களோடு உட்கார வேண்டியிருக்கிறது. எளிய மந்திரத்துக்குக்கூட நாக்கு தடுமாறுகிறது. நிழலை விட எனக்கு வலித்தது இந்தத் தடுமாற்றம்தான்.

குறை இல்லாத நாவல் இல்லை. அந்தப் பள்ளியில் பெண்களுக்கு இடமே கிடையாது. பெண்ணின் மந்திரம் பலவீனமானது என்று அந்தப் பையன் பிறந்த தீவில் சொலவடையே இருக்கிறது. லெ குவினுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும்; 1990-ல் அதே எர்த்சீ வரிசையில் 'தெஹானு' எழுதி அந்தக் கணக்கைத் தீர்க்கப் பார்த்தார்.

நெடி ஒகோராஃபோரின் 'அகாட்டா விட்ச்' (2011) வேறு வழியில் போகிறது. கதை நைஜீரியாவில் நடக்கிறது, நாயகி பன்னிரண்டு வயது சன்னி. அந்த மந்திர உலகத்தில் நீங்கள் எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டால் எங்கிருந்தோ வளைந்த உலோகத் துண்டுகள் காலடியில் வந்து விழும். அதுதான் அங்கே பணம். அதிலும் செம்புக்குத்தான் மதிப்பு அதிகம், தங்கம் கடைசி. படிக்கும்போது வாய்விட்டுச் சிரித்தேன், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"பாடம் படிப்பதையெல்லாம் எழுதினால் போரடிக்காதா?" என்பார்கள். சரி, போரடிக்கும்படி எழுதினால் போரடிக்கத்தான் செய்யும். அதற்கு நெருப்பு மழையும் விதிவிலக்கில்லை.

இப்போது ஒரு நாவல் கையில் இருக்கிறது. நூறு பக்கம் தாண்டியாயிற்று. நாயகி மூன்றாவது தடவையாக மெழுகுவர்த்தியை மந்திரத்தால் ஏற்றப் பார்த்துத் தன் புருவத்தைக் கருக்கிக்கொண்டிருக்கிறாள். திரி இன்னும் பற்றவில்லை. ராத்திரி தூக்கம் போச்சு.