பத்து மேட்ச் ரீபவுண்டை வச்சு ஆடாதீங்கப்பா

என்பிஏ, அதாவது அமெரிக்க பாஸ்கெட்பால் லீக், சீசன் ஆரம்பிச்சு பத்து மேட்ச் கூட ஆகல, அதுக்குள்ள எங்க ஃபேன்டஸி குரூப்ல (நிஜ ப்ளேயர்களை வாங்கி வித்து டீம் கட்டி, அவங்க நம்பரை வச்சுப் போட்டி போடுற ஆட்டம்) ஒருத்தன் "மேட்ச்சுக்கு 15 ரீபவுண்ட் எடுக்குறான்டா, போன வருஷம் வெறும் 10, இனி இவனை யாரும் புடிக்க முடியாது"ன்னு ஒரு சென்டரை, அதாவது ரிங்குக்குப் பக்கத்துல நிக்கிற உயரமான ஆளை, தூக்கி வச்சு ஆடிட்டு இருக்கான். ரீபவுண்ட்னா ரிங்குல விழாம தெறிச்சு வர்ற பந்தைப் புடிக்கிறது. ப்ளேயர் பேரை இங்க சொல்ல மாட்டேன், சொன்னா கமெண்ட்ல அடிதடி ஆயிடும். இன்னொருத்தன் உடனே வந்து "டிசம்பர்ல பாரு, புஸ்ஸுன்னு போயிடும்"ங்கறான். ரெண்டு பேரும் அந்த 15ஐயே மொறைச்சுப் பாத்துட்டு இருக்கானுங்க, அதுதான் எனக்கு கடுப்பு.

தூரத்துல இருந்து போடுற த்ரீ பாயின்டர்னா நானும் ரெண்டாவது ஆள் பக்கம்தான், பத்து மேட்ச் சூடா போட்டவன் அடுத்த பத்துல சுவத்துல அடிக்கிற மாதிரி அடிப்பான். ரீபவுண்ட் அப்படி கிடையாது. எடம் புடிக்கிறது, பந்து எந்தப் பக்கம் தெறிக்கும்னு மோப்பம் புடிக்கிறது, அப்புறம் அந்த வெறி, இதெல்லாம் சீசன் ஆரம்பிக்கற அக்டோபர்ல இருந்தா முடியற ஏப்ரல்லயும் இருக்கும். தொண்ணூறுகள்ல ஆடின டென்னிஸ் ராட்மனைப் பாருங்க, உயரம் ஆறடி ஏழு அங்குலம்தான், 1991-92ல ஆவரேஜ் 18.7, அதுல இருந்து தொடர்ந்து ஏழு சீசன் லீக்லயே முதல் எடம், அதுவும் மூணு டீம் மாறி.

அப்ப எதுதான் மாறும்னா, எத்தனை நிமிஷம் ஆடுறான், பக்கத்துல யார் நிக்கிறான், இந்த ரெண்டும்தான்.

மினசோட்டா டீம்ல ஆடின கெவின் லவ் கதை ஞாபகம் இருக்கா? 2010 நவம்பர் 12, நியூயார்க் நிக்ஸ் டீமுக்கு எதிரா 31 பாயின்ட், 31 ரீபவுண்ட். 1982ல மோசஸ் மலோன் பண்ணதுக்கு அப்புறம் அதுவரைக்கும் யாருமே ஒரே மேட்ச்ல ரெண்டுலயும் 30 தொட்டதில்ல. அப்பவும் நிறைய பேர் இது ஒரு நாள் கூத்துன்னுதான் நெனச்சாங்க. ஆனா சீசன் முடிவுல 15.2, லீக்லயே அதுதான் டாப். ஏன் நின்னுச்சு? முந்தின வருஷம் 28.6 நிமிஷத்துல 11 எடுத்த ஆளு, அந்த வருஷம் கிட்டத்தட்ட 36 நிமிஷம் ஆடினாரு. கோடைலயே அல் ஜெஃபர்சனை யூட்டாவுக்கு அனுப்பிட்டாங்க, அதனால ரிங்குக்குக் கீழ பங்கு கேக்க ஆளில்ல. காரணம் ரெண்டுமே சீசன் முழுக்க இருந்துச்சு, நம்பரும் இருந்துச்சு.

இப்ப டெட்ராய்ட்ல ஆடின டிரம்மண்ட் கதை. 2015ல முதல் ஆறு ஏழு மேட்ச்சுக்குள்ள ஒரு மேட்ச்ல 29, இன்னொண்ணுல 27. மேட்ச்சுக்கு 20 ஆவரேஜ் வருமான்னு சீரியஸாவே பேசினாங்க, நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன், ஒத்துக்கறேன். கடைசில 14.8. லீக்ல முதல் எடம்தான், தப்பே சொல்ல முடியாது. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, முந்தின சீசன்ல 36 நிமிஷத்துக்கு சுமார் 16, அந்த சீசன்லயும் சுமார் 16. ஆளு அதே ஆளுதான், கிரெக் மன்ரோ டீமை விட்டுப் போனதுல நிமிஷமும் எடமும் கொஞ்சம் கூடுச்சு, நடுவுல ரெண்டு மூணு ராத்திரி பந்து அவரைத் தேடித் தேடி வந்துச்சு, அவ்வளவுதான்.

நிமிஷம் கூடுறதுல ஒரு வில்லங்கமும் இருக்கு. 2012-13ல கிளீவ்லாண்ட்ல வரேஜாவ், முப்பது வயசுல மேட்ச்சுக்கு 36 நிமிஷம் ஆடி 14.4 எடுத்துட்டு இருந்தாரு. 25 மேட்ச். அப்புறம் தொடைத் தசை கிழிஞ்சு ஆபரேஷன், அதுக்கப்புறம் நுரையீரல்ல ரத்தக்கட்டி, சீசன் அங்கயே முடிஞ்சுது. நம்பர் விழவே இல்ல, மனுஷன்தான் விழுந்தாரு.

பக்கத்துல நிக்கிற ஆளைப் பத்தி சொன்னேன்ல, அதுக்கு ஓக்லஹோமா டீமோட பழைய வீடியோவைப் போட்டு பந்தை விட்டுட்டு அவங்க சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸை மட்டும் பாருங்க. எதிர் டீம் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கெடைக்கற ஷாட்) போடுது, ஆடம்ஸ் இடுப்பை இறக்கி, முதுகை பின்னாடி இருக்கறவன் நெஞ்சுல சாய்ச்சு, கையை ரெண்டு பக்கமும் விரிச்சு அப்படியே செவுரு மாதிரி நிப்பாரு, பந்து எங்க போகுதுன்னு கூட பாக்க மாட்டாரு. அதே டீம் ஆளு வெஸ்ட்புரூக் நிதானமா நடந்து வந்து, கீழ விழுந்த சாவியை எடுக்கற மாதிரி எடுத்துட்டு ஓடுவாரு. 2016-17ல மேட்ச்சுக்கு வெஸ்ட்புரூக்குக்கு 10.7 ரீபவுண்ட், ஆடம்ஸுக்கு 7.7. அடுத்த வருஷம் ஆடம்ஸ் கணக்கு இன்னும் வேடிக்கை, அஃபென்ஸ்ல (சொந்த டீம் மிஸ் பண்ற பந்து) 5.1, டிஃபென்ஸ்ல (எதிர் டீம் மிஸ் பண்ற பந்து) 4.0. சென்டருக்கு இது தலைகீழ் கணக்கு, பொதுவா டிஃபென்ஸ்லதான் ஈஸியா கெடைக்கும். அந்த ஈஸி பந்தையெல்லாம் யாருக்கு விட்டுக் குடுத்தாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அதனாலதான் மேட்ச் ஆவரேஜை ஓரமா வச்சுட்டு ரீபவுண்ட் பெர்சன்டேஜைப் பாருங்கன்னு கத்திட்டு இருக்கேன், அதாவது அவன் கோர்ட்ல இருக்கும்போது கெடைக்கற மொத்த ரீபவுண்ட்ல எத்தனை பங்கு அவன் கைக்கு வருதுங்கறது. வேகமா ஆடுற டீமா, நிறைய மிஸ் பண்ற எதிராளியா, இந்தக் கதையெல்லாம் அதுல அடங்கிடும்.

குரூப்ல ஆடிட்டு இருக்கானே, அவன் ஆளுக்கும் இதேதான் பண்ணேன். போன வருஷம் 28 நிமிஷத்துல 10, அப்படின்னா 36 நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 13. இப்ப அவன் ஆடுறதே 36 நிமிஷம். மீதி ரெண்டு ராட்மன் ஆயிட்டதால வந்துச்சா, ராசியால வந்துச்சான்னு பத்து மேட்ச்ல யாராலயும் சொல்ல முடியாது, விடுங்க. ஆனா நிமிஷம் ஏன் கூடுச்சு? அந்த டீமோட இன்னொரு பெரிய ஆளு கணுக்கால் சுளுக்கி உக்காந்திருக்கான். மூணு வாரத்துல வந்துருவானாம்.

அதுக்குள்ள வித்துடுறான்னு சொல்லிட்டேன். கேக்க மாட்டான்.