தலை ஸ்கேன் குழந்தையின் மூளையைக் கெடுக்குமா?

"சிக்கிள் செல் சோகை உள்ள பிள்ளைகளுக்குத் தலையில் ஸ்கேன் எடுக்காதீர்கள், கதிர்வீச்சு மூளையைக் கெடுத்துவிடும்" என்று ஒரு குரல் பதிவு கூடலூர், பந்தலூர் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் இந்தப் பரம்பரை நோய், பணியர், இருளர், குறும்பர் பழங்குடிக் குடும்பங்களில் காணப்படும் நீலகிரியில் இது ஆபத்தான தவறும்கூட.

இந்தப் பிள்ளைகளுக்கு எடுக்கச் சொல்வது டாப்ளர் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட் வகைதான். வெறும் ஒலி அலைகள், கதிர்வீச்சே கிடையாது. ஊசி, மயக்க மருந்து எதுவும் இல்லை. நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, மூளைக்குள் ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்ப்பார்கள். ரத்தக்குழாய் சுருங்கினால் வேகம் கூடும். நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் பக்கவாத ஆபத்து அதிகம். சின்னப் பிள்ளைக்குப் பக்கவாதமா? ஆமாம், இந்த நோயில் வரும். முன்பே தெரிந்தால், தொடர்ந்து ரத்தம் ஏற்றி அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம் என்று 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால்தான் 2 முதல் 16 வயது வரை ஆண்டுதோறும் எடுக்கச் சொல்கிறார்கள்.

சி.டி. ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் உண்டு, சரி. ஆனால் இது அதுவல்ல. சந்தேகம் இருந்தால், "இது டாப்ளரா, சி.டி.யா?" என்று டாக்டரிடமே கேளுங்கள்.