பாடமாக்கின ஓப்பனிங்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பிள்ளையை செஸ் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "எந்த ஓப்பனிங் படிப்பிக்கிறீங்கள்?" என்பதுதான். ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள். கோட்டமட்டப் போட்டி வருகிறதாம், அதற்குள் பிள்ளை பதினைந்து நகர்வு பாடமாக்கிவிட வேண்டுமாம். ரியூசனில் கடந்தகால வினாத்தாளைப் பாடமாக்கிப் பழகிய நாங்கள் சதுரங்கத்தையும் அப்படியே பிடித்துக்கொண்டோம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

அண்மையில் வன்னியில் நடந்த பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஆட்டமொன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெள்ளை ஆடிய பொடியன் இத்தாலியன் ஓப்பனிங். குதிரையை ஜி5 கட்டத்துக்குப் பாய்ச்சி எஃப்7 கட்டத்தில் அடிக்கும் யூடியூப் தாக்குதல் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். கறுப்பின் குதிரை எஃப்6இல் நின்றால்தான் அது சரிவரும். அந்தக் குதிரைதான் கறுப்பு ராணியின் வழியை மறித்து நிற்கும். எதிரே இருந்த பிள்ளையோ குதிரையை விட்டுவிட்டு பிஷப்பை சி5இல் வைத்தாள். இவன் பலகையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, குதிரையை ஜி5க்கே பாய்ச்சினான். ராணி வந்து குதிரையைச் சும்மா தூக்கிக்கொண்டு போனது. நாலாவது நகர்விலேயே!

இதைச் சொன்னால் உடனே சிலர் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷரை இழுத்து வருவார்கள். தியரி, அதாவது முன்கூட்டியே ஆராய்ந்து வைத்த ஓப்பனிங் நகர்வுகள், ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று அவர் 1996இல் செஸ்960ஐ அறிவித்தது உண்மை. பின்வரிசையைக் குலுக்கி அடுக்க வேண்டும். பிஷப்புகள் வேறு வேறு நிறக் கட்டத்தில், ராஜா இரண்டு கோட்டைக்கும் நடுவில். அப்படி 960 அடுக்குகள். 2019 உலகப் போட்டியின் இறுதியில் கிராண்ட்மாஸ்டர் வெஸ்லி சோ அப்போதைய உலக செஸ் சாம்பியன் கார்ல்சனை 13.5–2.5 என்று துவைத்ததும் இந்த ஆட்டத்தில்தான். ஆனால் ஃபிஷரின் கவலை பெரிய இடத்துக் கவலை. வீட்டில் இருபது நகர்வு தயார் செய்து வந்து சமன் செய்பவர்களுக்கானது. எங்கள் வலயமட்டத்தில் தியரியால் செத்த ஆட்டம் ஒன்றையும் நான் காணவில்லை. காவலில்லாமல் விட்ட காயால் செத்தவைதான் எல்லாம்.

தியரி குப்பை என்று நான் சொல்லவரவில்லை. 1918இல் நியூயோர்க்கில் அமெரிக்க வீரர் ஃபிராங்க் மார்ஷல் தயார் செய்து வந்த தாக்குதலை கியூப வீரர் கபபிளாங்கா பலகையில் யோசித்தே தடுத்து வென்றார். அதே மார்ஷல் தாக்குதலை கிராண்ட்மாஸ்டர்கள் இன்றும் ஆடுகிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு நகர்வும் ஏன் என்று தெரியும், அவ்வளவுதான்.

அதனால் வாரத்தில் ஒருநாள் 960 ஆடவிடுங்கள். சீட்டுக் குலுக்கியே அடுக்கிவிடலாம், டேட்டாக் காசும் இல்லை. பாடமாக்கினது எதுவும் உதவாதபோது பிள்ளை தானாகவே "இந்தக் காய் எங்கே போக வேண்டும்?" என்று யோசிக்கத் தொடங்கும்.

மற்றபடி வெள்ளைக்கு இத்தாலியன், கறுப்புக்கு இ4 வந்தால் இ5, டி4 வந்தால் டி5. இந்த வயதுக்கு அது காணும். மிச்ச நேரத்தில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சி, ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கும் முடிவாட்டத்தை வெல்லப் பழக்குங்கள். ஓப்பனிங்குக்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.