வால்டேர் ஏமாந்த கதை, அதுவும் நம்ம பாண்டிச்சேரி சரக்குல

இங்க ஏதாவது கருத்துச் சண்டை வந்தா போதும், யாராவது ஒருத்தர் "நீ சொல்றதை நான் ஏத்துக்கல, ஆனா அதைச் சொல்ற உன் உரிமைக்காக உயிரையும் குடுப்பேன்"னு வால்டேர் போட்டோவோட கொண்டுவந்து போட்டுடுவாங்க. அந்த வரி 18ம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் எழுதினதே இல்லங்க. 1906ல ஈவ்லின் ஹால்னு ஒரு இங்கிலீஷ் எழுத்தாளர் அவரைப் பத்தி எழுதும்போது, மனுஷன் இப்படித்தான் நினைச்சிருப்பார்னு அந்தம்மா போட்ட வரி அது. சரி போகட்டும், அதுல எனக்குப் பெரிய கோவம் இல்ல. லாக், மாண்டெஸ்கியூ, ரூசோ, வால்டேர்னு ஸ்கூல்ல பேரை உருப்போட்டு, பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள்னு அஞ்சு மார்க்குக்கு எழுதிட்டு வந்துட்டோமே, அந்த ஆளுங்க பகுத்தறிவு பகுத்தறிவுன்னு சொன்னது நடைமுறையில என்ன வேலைன்னு யாருமே சொல்லிக் குடுக்கல, அதுதான் என் கோவம்.

என்னைக் கேட்டா அதுக்கு ஒரே ஒரு கேஸைப் படிச்சா போதும். பிரான்சுல தூலூஸ் நகரம், 1761 அக்டோபர் 13 ராத்திரி. ழான் கலாஸ்னு ஒரு துணி வியாபாரி, அறுபது தாண்டினவர், புராட்டஸ்டன்ட். ஊரோ கெட்டிக் கத்தோலிக்க ஊர். சாப்பாடு முடிஞ்சு விருந்தாளியை வழியனுப்பக் கீழ இறங்கினா கடையில மூத்த பையன் மார்க் அந்துவான் செத்துக் கிடக்கான், வயசு 28. வக்கீலாகணும்னு ஆசைப்பட்டவன், ஆனா கத்தோலிக்கன்னு பாதிரியார் சர்டிபிகேட் குடுக்காம அந்தத் தொழிலுக்குள்ள நுழைய முடியாது, அந்த ஏக்கத்துலயே இருந்தவன். அழுகைச் சத்தம் கேட்டு வாசல்ல கூட்டம் கூடிடுச்சு, கூட்டத்துல யாரோ ஒருத்தன் "பையன் மதம் மாறப் போறான்னு அப்பனே கொன்னுட்டான்"னு ஒரு வார்த்தையை விட்டான். அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது. தாவித்னு அந்த நகர அதிகாரி வந்தார், சம்பவ இடத்துல ஒரு வரி கூட எழுதி வைக்காம வீட்டுல இருந்த அத்தனை பேரையும் அள்ளிட்டுப் போயிட்டார்.

குடும்பத்து மேலயும் ஒரு தப்பு இருக்கு, அதை மறைக்கக்கூடாது. முதல்ல யாரோ வெளியாள் கொன்னுட்டான்னு சொன்னாங்க, அப்புறம்தான் தொங்கிட்டு இருந்தான்னு மாத்திச் சொன்னாங்க. ஏன்னா தற்கொலை பண்ணிக்கிட்டவன் உடம்பை அந்தக் காலத்துல தெருத்தெருவா தரையில இழுத்துட்டுப் போவாங்க, பெத்தவன் அதுக்கு எப்படி சம்மதிப்பான்? ஆனா அந்த மாத்திச் சொன்னதே அவங்களுக்கு எமனாப் போச்சு.

இதுக்கப்புறம் நடந்த விசாரணை இருக்கே, அதைத்தான் நிதானமாப் பாக்கணும். சர்ச்சுகள்ல ஒரு அறிவிப்பு வாசிச்சாங்க, காதால கேட்டவங்க உட்பட விஷயம் தெரிஞ்சவங்க எல்லாரும் வந்து சொல்லணும்னு. அந்த அறிவிப்போட வாசகமே பையனை வீட்டுக்காரங்கதான் கொன்னாங்கங்கற மாதிரி எழுதியிருந்தது! இறந்தவன் கத்தோலிக்கனா மாறினான்னு ஒரு ஆதாரமும் இல்ல, ஆனா தியாகி மாதிரி கத்தோலிக்க முறைப்படி தடபுடலா அடக்கம் பண்ணிட்டாங்க. சாட்சியக் கணக்கு இன்னும் கொடுமை. முழு ஆதாரம், அரை ஆதாரம்னு ஒரு முறை அங்க இருந்தது. பின்னாடி வால்டேர் இதை வச்சு நக்கல் அடிச்சார், தூலூஸ்காரங்க கால் ஆதாரம், அரைக்கால் ஆதாரம்னு கூட ஒத்துக்கறாங்க, அப்படின்னா எட்டு வதந்தியைச் சேர்த்தா ஒரு முழு ஆதாரம் ஆயிடும்னு. எட்டு பேர் ஒரே பொய்யைக் கேட்டிருந்தா ஒரு உயிர் போயிடும், கணக்கு சரிதானே!

13 நீதிபதிகள், 8க்கு 5ங்கற ஓட்டுல மரண தண்டனை. 1762 மார்ச் 10ந்தேதி கலாஸைச் சித்ரவதை பண்ணி, எலும்பை உடைச்சு, சக்கரத்துல போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கழுத்தை நெரிச்சு எரிச்சாங்க. வலி தாங்காம ஒத்துக்குவார்னு எதிர்பார்த்தாங்க, கடைசி வரைக்கும் நான் பண்ணலன்னுதான் சொன்னார்.

வால்டேருக்குச் சேதி வந்தப்ப மனுஷன் முதல்ல அதையும் கிண்டல்தான் பண்ணார், புராட்டஸ்டன்ட் வெறிக்கு இன்னொரு உதாரணம்னு. அப்புறம்தான் உறுத்த ஆரம்பிச்சுது. ஜெனீவாவுக்குத் தப்பி வந்திருந்த கலாஸோட கடைசிப் பையன் தொனாவைக் கூப்பிட்டு உக்கார வச்சு, உங்க அப்பா அம்மா கோவக்காரங்களா, உங்களை அடிப்பாங்களான்னு கேட்டார். ஒரு நாளும் எங்க யாரையும் அடிச்சதில்லன்னான் பையன். அதோட விடல, கேள்வி மேல கேள்வி. திடகாத்திரமான 28 வயசுப் பையனை ஒரு கிழவர் தனியா எப்படித் தொங்கவிட முடியும்? தனியா முடியாதுன்னா கூட இருந்தவங்க எல்லாரும் உடந்தை. கூட இருந்தவங்கள்ல ஒருத்தி வேலைக்காரி, தீவிரக் கத்தோலிக்கப் பொம்பள, வீட்டுல இன்னொரு பையன் மதம் மாறினதுக்கே அவதான் காரணம், அவ எப்படி மதம் மாறினதுக்காகக் கொல்லக் கைகொடுப்பா? கோர்ட் அவளை விட்டுடுச்சு, விருந்தாளியையும் விட்டுடுச்சு. அப்ப கிழவர் மட்டும் எப்படிக் குத்தவாளி?

பகுத்தறிவுன்னு அவங்க சொன்னது இதைத்தான்னு நான் நினைக்கிறேன். பெரிய தத்துவம் எல்லாம் அப்புறம். ஊரே "தெரியும்"னு சொல்றப்ப "எப்படித் தெரியும்?"னு சலிக்காமக் கேக்கறது. மூணு வருஷம் ராஜ சபை வரைக்கும் கடுதாசி கடுதாசியா எழுதித் தள்ளினார், 1765 மார்ச் 9ல கலாஸ் நிரபராதின்னு தீர்ப்பு வந்துச்சு. பையன் செத்தது தற்கொலையா கொலையான்னு இன்னைக்கும் வரலாற்றுக்காரங்க ஒரு முடிவுக்கு வரல, ஆனா அப்பாவைத் தண்டிக்க ஆதாரம் இல்லங்கறதுல சந்தேகமே இல்ல. வந்தவாசியில இங்கிலீஷ்காரங்ககிட்டத் தோத்து 1761ல பாண்டிச்சேரியையும் விட்டுக்குடுத்த பிரெஞ்சுத் தளபதி லாலியைத் துரோகின்னு பாரிஸ்ல தலையை வெட்டினப்பவும் இதே வால்டேர்தான் கிளம்பினார், இத்தனைக்கும் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில வால்டேர் பணமும் போட்டிருந்தார்.

இப்ப பாண்டிச்சேரி மேட்டருக்கு வர்றேன். 1760ல மோதாவ்னு ஒரு பிரெஞ்சு அதிகாரி இந்தியாவுலேர்ந்து திரும்பிப் போனப்ப "எசூர் வேதம்"னு ஒரு கையெழுத்துப் பிரதியை வால்டேர் கிட்டக் குடுத்தார். எசூர்னா யஜுர், பிரெஞ்சு வாய்ல அப்படி ஆயிடுச்சு. பியாஷ்னு ஒரு முனிவர், அதாவது வியாசர், புராணக் கதை சொல்லச் சொல்ல, சுமந்துன்னு இன்னொரு முனிவர் அதெல்லாம் பொய், கடவுள் ஒண்ணுதான்னு வெளுத்து வாங்குவார். முழுக்க பிரெஞ்சு. வால்டேருக்குத் தலைகால் புரியல. அலெக்சாண்டர் படையெடுப்புக்கும் முந்தின நூல்னார், ஸ்ரீரங்கத்துப் பெரிய அர்ச்சகர்தான் மொழிபெயர்த்தார்னார், ராஜாவோட நூலகத்துக்கு அனுப்பி வச்சார், பைபிளுக்கு முன்னாடியே இந்தியாவுல ஒரே கடவுள் கொள்கை இருந்ததுக்கு இதுதான் சாட்சின்னு சர்ச்சுக்கு எதிரா எடுத்து வீசினார்.

அந்த நூலை எழுதினதே சர்ச் ஆளுங்க. இந்துக்களை மதம் மாத்தறதுக்காக ஏசு சபைப் பாதிரியார் யாரோ தயாரிச்ச சரக்கு, எந்தப் பாதிரியார்ங்கறதுலதான் இன்னும் சண்டை. பாதிரியார்களைக் காலம் பூரா திட்டின மனுஷன், பாதிரியார் எழுதினதை வேதம்னு தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கார்! தூலூஸ்ல கேட்ட கேள்வில ஒண்ணைக்கூட இங்க கேக்கல. மூலம் எங்க, எந்த மொழியில, வேற யாராவது பாத்தாங்களா, ம்ஹூம். தனக்குத் தோதான முடிவு கைக்கு வந்துடுச்சு, அப்புறம் எதுக்கு விசாரணை.

1782ல சோனரான்னு ஒரு பிரெஞ்சுப் பயணி இது மிஷனரி எழுதினதுன்னு போட்டு உடைச்சார். அப்புறம் நம்ம எல்லிஸ் துரை, குறளை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தாரே அவரேதான், இந்த மாதிரி "வேதங்கள்" பாண்டிச்சேரி மிஷனரிகள் கிட்டயே இருந்ததைத் தேடிப் பாத்து விவரமா எழுதினார், அது அவர் செத்தப்புறம் 1822ல அச்சாச்சு. வால்டேர் 1778லயே போய்ச் சேர்ந்துட்டதால இதையெல்லாம் பாக்கல. பாத்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரா? எனக்கென்னவோ சந்தேகம்தான், நாலு பக்கத்துக்கு ஒரு நையாண்டி எழுதி சோனராவைத்தான் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பார்.