சிசி மட்டும் பார்த்தால் போதாதுங்க

பெட்ரோல் புல்வெட்டும் மெஷினுக்கு எத்தனை சிசி (இன்ஜின் அளவு) என்று பார்த்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவன் சொல்கிறேன், அது பாதிதான். மலிவாகக் கிடைத்ததென்று நான் முதலில் வாங்கியது ஒரே மழைக்காலத்தில் நின்றுவிட்டது. கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாப்ரம் என்கிற சின்ன சவ்வு கிழிந்துவிட்டது, கோயம்புத்தூர் வரை தேடியும் கிடைக்கவில்லை. பக்கத்து ஊரில் உதிரி பாகமும் மெக்கானிக்கும் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

2 ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. மெஷினோடு வரும் புத்தகத்தில் உள்ளதுதான் கணக்கு, கண்ணளவு வேண்டாம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தை இழுத்து நாள்பட உள்ளே கெடுத்துவிடும். அதனால் மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்.

அப்புறம், மாங்கன்று ஓரத்தில் மெஷினில் சுழன்று புல் வெட்டும் நைலான் கயிற்றைக் கொண்டுபோகவே கூடாது. பட்டை சுற்றிலும் உரிந்து எங்களுக்கு இரண்டு கன்று காய்ந்துபோனது. அந்த இடத்துக்கு இன்றும் களைக்கொத்துதான்.