எனக்குப் பார்க்கின்சன் இருக்கிறது

முதலில் கண்டுபிடித்தது ஒரு எட்டாம் வகுப்புப் பையன். "டீச்சர், எழுத்து போகப் போகச் சின்னதாயிட்டே போகுது, தெரியல" என்று கடைசி பெஞ்சிலிருந்து சொன்னான். திரும்பிப் பார்த்தேன். வரியின் முதல் எழுத்து உள்ளங்கை அளவு, கடைசிச் சொல்லோ எறும்பு ஊர்ந்த மாதிரி. அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன். பாதி வரியில் மறுபடி சுருங்கிவிட்டது.

அப்போது எனக்கு 47 வயது. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருகிற நோய் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தோள்பட்டை இறுக்கம் என்று ஆறு மாதம் பிசியோதெரபி செய்தேன். கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் என்னை வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வலது கையை வீசாம நடக்கறீங்களே, எத்தனை நாளா?" என்று கேட்டார். எனக்கே தெரியாது. காபித்தூள் வாசனையும் மல்லிகை வாசனையும் நின்றுபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதுவும் இந்த நோயின் முன்னறிவிப்புதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உடம்பு அசைவதற்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனத்தை மூளையில் சுரக்கும் செல்கள் சத்தமில்லாமல் அழிந்துகொண்டே வரும்; கை நடுங்குவது வெளியே தெரியும்போது அவற்றில் பெரும்பகுதி போயிருக்கும்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதியது 1817-இல். இத்தனை காலத்துக்குப் பிறகும் இதை நிறுத்துகிற மருந்து வரவில்லை. லெவோடோபா மாத்திரை நடமாட வைக்கும், அவ்வளவுதான். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. பருப்பு, முட்டை மாதிரி புரதம் நிறைந்த சாப்பாட்டோடு போட்டால் சரியாக வேலை செய்யாது. ஆறு மணிக்கு மாத்திரை, ஏழு மணிக்குத்தான் இட்லி சாம்பார் என்று என் காலை மாறிவிட்டது. அடுத்த வேளை மாத்திரைக்கு அரை மணி நேரம் இருக்கும்போதே உடம்பு கட்டை மாதிரி ஆகிவிடும்.

நான்கு வருடம் மறைத்தேன். நடுங்கும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினேன். முகத் தசையும் இறுகுமாம், அது தெரியாமல் "டீச்சருக்கு என் மேல என்ன கோபம்?" என்று வருத்தப்பட்ட தோழியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. நோய் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட அந்த நான்கு வருட மறைப்பு எடுத்துக்கொண்டதுதான் அதிகம் என்று இப்போது நினைக்கிறேன்.

இப்போது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் வந்ததுதான் அறிவுரை. ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்து கொடுத்தார். அன்போடுதான் கொடுத்தார். ஆனால் அந்த விதையிலும் இருப்பது அதே லெவோடோபாதான்; மாத்திரையோடு அதையும் நாமாகச் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடிப்போய் வேறு தொல்லை வரும். மருத்துவரைக் கேட்காமல் யாருக்கும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

என்னை அதிகம் காயப்படுத்துவது இந்த ஒரு சொல்: "மனதைரியம் இருந்தா சரியாயிடும்." சரியாகாது. வருடா வருடம் கூடத்தான் செய்யும். அப்படிக் கூடும்போது, உங்கள் வார்த்தைப்படி என் தைரியம் போதவில்லை என்றுதானே ஆகிறது? நோயோடு சேர்த்து அந்தக் குற்ற உணர்வையும் நான் எதற்குச் சுமக்க வேண்டும்? "மெதுவா வாங்க, நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள். எனக்கு அது போதும்.

இதை ஏற்றுக்கொள்வது ஒரே நாளில் முடிகிற காரியமும் இல்லை. கையெழுத்து போனபோது ஒரு தடவை அழுது தீர்த்தேன். என் சட்டை பட்டனை வீட்டுக்காரர் மாட்டிவிட நேர்ந்தபோது இன்னொரு தடவை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. அது தெரிந்த பிறகும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. படிவத்தில் அந்தச் சொல்லுக்குக் கீழே என் பெயரை எழுத மனம் வரவில்லை. போன மாதம்தான் எழுதினேன், சின்னச் சின்ன எழுத்தில்.

வகுப்பில் இப்போது நான் சொல்லச் சொல்ல ஒரு மாணவி போர்டில் எழுதுகிறாள். நான் எழுதிய காலத்தைவிடத் தெளிவாகவே இருக்கிறது.

சமீப காலமாக நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்கிறது. நகர நினைப்பேன், கால் கேட்காது. தரையில் கோடு இருந்தால் அதைத் தாண்டுவதற்காகக் கால் தானாக எழும்பும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். முப்பது வருடமாக இந்த வாசலில் கோலம் போட்டவள் நான். கோலமே தெரியாத என் வீட்டுக்காரர் இப்போது தினமும் வீடு துடைத்து முடித்ததும் உட்கார்ந்து, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று சாக்பீஸால் கோடு போடுகிறார். இன்று காலை ஒரு கோடு கொஞ்சம் வளைந்திருந்தது. தாண்டித்தான் பள்ளிக்கூடம் வந்தேன்.